முடிவு சொல்லும்வரை வேலை உரிமையைப் பறிக்காதீர்கள்

அவுஸ்திரேலியக் குடிவரவு அமைச்சர் அவர்களுக்கும் பிரிட்ஜிங் விசாக்களைப் புதுப்பிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 2012 கடைசியில் படகில் வந்த ஈழத்தமிழரில் நானும் ஒருவன். முடிவு வரும்வரை தங்கியிருக்கத் தரப்படும் தற்காலிக விசாவான பிரிட்ஜிங் விசாவில் இருக்கிறேன். ஏன் வந்தோம் என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. போன மாதம் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விசா முடிய ஐந்து வாரம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்தேன். விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. விசா முடிந்த மறுநாள் விடியவே வேலைக்குப் போனேன். மனேஜர் கணினியில் பார்த்துவிட்டு, "உன்னை உள்ளே விட்டால் எனக்குத் தண்டம் விழும்" என்றார். அவரில் பிழையில்லை. ஒன்பது வருடம் வேலை செய்த இடத்திலிருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திரும்பி வந்தேன்.

இருபத்திரண்டு நாள் வீட்டில் இருந்தேன். அந்த நாட்களில் மெடிகேர் என்ற அரச மருத்துவக் காப்பீடும் இல்லை. ஓரிரவு மகளுக்கு முட்டு இழுத்தது. டொக்டரிடம் போனால் எவ்வளவு காசு வரும் என்று நானும் மனைவியும் கட்டில் ஓரத்தில் இருந்து கணக்குப் பார்த்தோம். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள், நாங்கள் கணக்குப் பார்த்தோம். அதை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு விசா வந்தது, ஆறு மாதத்துக்கு.

நான் கேட்பது இவ்வளவுதான்: காலத்தோடு விண்ணப்பித்தவருக்கு நீங்கள் முடிவு சொல்லும்வரை பழைய விசாவும் வேலை உரிமையும் தொடரட்டும். தாமதம் உங்களுடையது, பட்டினி ஏன் எங்களுடையதாக வேண்டும்?

2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் 'ஃபாஸ்ட் டிராக்' என்ற விரைவு விசாரணை முறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை வெளியே விட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் ஆளை நேரில் கேட்காமல் காகிதத்தைப் பார்த்தே மீளாய்வு செய்த முறை அது. நியாயமில்லை என்று சொன்னதும் உங்கள் கட்சிதான். 2024 ஒக்டோபரில் அந்த மீளாய்வு அமைப்பையும் மூடினீர்கள். அது தந்த தீர்ப்பு மட்டும் இன்னும் எங்கள் தலையில் கிடக்கிறது. அதே ஆண்டு ஓகஸ்டில், இப்படிக் காத்திருந்த 23 வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒன்று மெல்பேர்ணில் தன்னையே நெருப்புக்குக் கொடுத்தது.

கோபத்தில் கூடிய வார்த்தை வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிரந்தர விசா பற்றி முடிவெடுக்க உங்களுக்கு நாளாகலாம். சரி, அதுவரை இந்த இடைவெளியையாவது அடைத்துத் தாருங்கள். முடிவு சொல்லும்வரை வேலை செய்ய விடுங்கள். என் விசா முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் செய்து தரும்படி தாழ்மையுடன் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பிரிட்ஜிங் விசாவில் வாழும் ஒரு தகப்பன்