பக்கம் உங்களிடமே இருக்கிறது, தேடினால் 'முடிவுகள் இல்லை' என்கிறீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு வணக்கம்.

உங்கள் பழைய நாளிதழ்க் காப்பகத்துக்கு வருடச் சந்தா கட்டியிருக்கிறேன். இதே விஷயத்தை உங்கள் உதவிப் படிவத்தில் ஏற்கெனவே சுருக்கமாக எழுதியிருந்தேன். 'பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றித் தேடிப் பாருங்கள்' என்று ஒரு பதில் வந்தது. அதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தேன், அதைப் படிவத்திலும் சொல்லியிருந்தேன். அதனால் இந்த முறை முழுதாகவே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படித்த ஒருவர் பதில் எழுதுங்கள்.

நான் தேடியது என் எள்ளுத்தாத்தாவின் மரண அறிவிப்பை. வீட்டில் இருந்த ஒரு பழைய கடிதத்தில் அவர் இறந்த மாதமும் வருடமும் மட்டும் இருந்தன. எந்த நாளிதழில் வந்திருக்கும் என்பதும் ஓரளவு தெரியும், அந்த நாளிதழ் உங்களிடம் 'முழுத் தொகுப்பாக' இருப்பதாகப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் சந்தாவே கட்டினேன். பெயரைப் போட்டுத் தேடினேன், முடிவுகள் இல்லை. பெயரில் பாதியை மட்டும் போட்டு, வருடத்தை முன்னே பின்னே தள்ளி, அவர் செய்த தொழிலைப் போட்டு என்று எப்படித் தேடினாலும் அதே பதில்தான்.

அப்புறம் ஒரு பொது நூலகத்தில் அதே நாளிதழின் மைக்ரோஃபிலிமை வாங்கி, அந்த மாதத்தைப் பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி, கீழே ஆறு வரிகள். பெயர், வயது, தொழில், இரண்டு மகன்களின் பெயர், இறுதி ஊர்வலம் யார் வீட்டிலிருந்து கிளம்பும் என்பது வரை எல்லாம் இருந்தது. அந்த இரண்டாவது மகனைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. நூலகத்திலேயே உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் தளத்தில் அதே தேதியைத் திறந்தால், பக்கம் அங்கே இருக்கிறது! மங்கல் இல்லை, கிழிசல் இல்லை, கண்ணால் சுலபமாகப் படிக்க முடிகிறது. பிறகு ஏன் தேடலில் வரவில்லை என்று பார்க்க, பக்கத்தைப் பிடிஎஃப்பாக இறக்கி அந்த ஆறு வரிகளை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். பக்கப் படத்தைப் படித்துத் தேடக்கூடிய எழுத்துகளாக மாற்றும் உங்கள் எழுத்துணரி மென்பொருள், பத்திகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய கோட்டைக் கவனிக்காமல் குறுக்கே படித்திருக்கிறது. எள்ளுத்தாத்தாவின் பெயரின் முதல் பாதிக்கு முன்னால் பக்கத்துப் பத்தியில் இருந்த மர ஏல விளம்பரத்தின் ஒரு வரி, மீதிப் பாதிக்கு முன்னால் அதே விளம்பரத்தின் அடுத்த வரி. போதாததற்கு ஆர், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு எம் ஆகிவிட்டன. இப்படி ஒரு பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பழைய அச்சை இயந்திரம் பிழையில்லாமல் படிக்காது என்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. நூறு எழுத்துகளில் இரண்டு மட்டும் தவறினால்கூட, எட்டு எழுத்துள்ள ஒரு பெயர் நூற்றுக்குப் பதினைந்து தடவை எங்காவது ஓர் எழுத்து கெட்டுத்தான் பதிவாகும். என் புகார் வேறு. அந்தப் பிழையான எழுத்துவடிவத்தைச் சந்தாதாரர் கண்ணில் படாமல் மறைத்து வைத்துவிட்டு, 'முடிவுகள் இல்லை' என்று மட்டும் காட்டுகிறீர்களே, அதுதான். முன்னோரைத் தேடுகிறவர் அதைப் பார்த்துவிட்டு, சரி, இந்த ஊரில் இவர் இறக்கவில்லை போலிருக்கிறது என்று வேறு ஊருக்குப் போய்விடுவார். தப்பான கிளையில் வருடக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

பணம் வாங்காத இடங்களில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் என்ற இணையக் காப்பகத்தில் பக்கப் படத்துக்குப் பக்கத்திலேயே இயந்திரம் படித்த எழுத்துவடிவம் இருக்கிறது, பிழையைப் பார்க்கும் எவரும் திருத்தலாம், 2008 முதல் மக்கள் வரி வரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா என்ற பழைய நாளிதழ்த் தொகுப்பில் ஒரு நாளிதழின் எந்தெந்தத் தேதி இதழ்கள் இருக்கின்றன என்பதை நாட்காட்டி போலப் பார்க்கலாம். உங்களிடம் இரண்டும் இல்லை. 'முழுத் தொகுப்பு' என்று போட்டிருக்கும் இந்த நாளிதழிலேயே, நான் தேதி தேதியாகத் திறந்து பார்த்த மாதத்துக்கு அடுத்த மாதத்தில் ஒரு வாரம் அப்படியே காணோம். அந்த வாரம் இல்லை என்று எங்கேயும் ஒரு வரிகூட இல்லை.

இதை ஏன் இவ்வளவு தீவிரமாகச் சொல்கிறேன் என்றால், பல குடும்பங்களுக்கு நாளிதழை விட்டால் வேறு வழியே கிடையாது. டப்ளினில் 1922-ல் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது அயர்லாந்தின் பழைய குடிக்கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942-ல் நெருப்பில் அழிந்தது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பும் 1921 தீவிபத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட மிஞ்சவில்லை. அந்த வருடங்களில் ஒருவர் எங்கே இருந்தார் என்று தேடுகிறவருக்குக் கல்யாணச் செய்தியும் மரண அறிவிப்பும் ஏல விளம்பரமும்தான் கதி.

இன்னொன்றும் உண்டு. உங்கள் தளத்தில் நான் வைத்திருக்கும் வம்சாவளிக்கு 'பொருந்தக்கூடிய நபர்' என்று அதே பெயருள்ள வேறொருவரைத் தானாகவே பரிந்துரைக்கிறீர்கள். அந்த மனிதர் என் எள்ளுத்தாத்தா இறந்த பிறகு பிறந்தவர். நான் நிராகரித்துவிட்டேன், ஆனால் வேறு சிலர் அதை ஏற்றுக்கொண்டு தங்கள் வம்சாவளியில் சேர்த்திருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நகலெடுக்கிறார்கள். இறந்தவருக்குப் பிறகு பிறந்தவரைப் பரிந்துரைக்காமல் இருக்க ஒரு தேதிச் சரிபார்ப்பு போதும். அதோடு உங்கள் தேடல் படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது. தந்தையின் பெயரையே உடன் சேர்த்துக்கொள்ளும் மக்களுக்குத் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும், அவர்கள் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

நான் கேட்பது இவைதான். நாளிதழ்வாரியாக எந்தத் தேதிகள் இருக்கின்றன, எவை இல்லை என்பதைச் சந்தா கட்டுவதற்கு முன்பே பார்க்கும்படி வெளியிடுங்கள். அதுவரை 'முழுத் தொகுப்பு' என்ற விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். இயந்திரம் படித்த எழுத்துவடிவத்தைப் பக்கத்துக்கு அருகில் காட்டி, திருத்த வழி கொடுங்கள். நான் இணைத்திருக்கும் பக்கத்தைப் பத்தி பிரித்து மறுபடி படிக்கவைத்து, அந்தப் பெயர் தேடலில் வருகிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள். காணாமல்போன வாரத்தின் இதழ்கள் எப்போது சேரும் என்பதற்கும் பதில் வேண்டும். சேராது என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள்.

இதில் எதுவும் முடியாது என்றால் மீதமுள்ள காலத்துக்கான சந்தாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானாகப் புதுப்பிப்பதையும் நிறுத்திவிடுங்கள். பக்கத்தின் பிடிஎஃப், அதிலிருந்து ஒட்டிய எழுத்துவடிவம், நூலக மைக்ரோஃபிலிமின் படம், உங்கள் முந்தைய பதில் நான்கையும் இணைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்