வியாழக்கிழமை மட்டும் வரும் நோயா இது?

மட்டக்களப்பு மாவட்டப் போதை ஒழிப்புக் கூட்டங்களில் அமரும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். ஊர் நிலவரம் உங்களுக்கே தெரியும். என் அக்காவின் மகனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஐஸ் என்ற போதைப்பொருளைத் தொடங்கிய பிறகு அவனுக்கு இரவில் உறக்கமில்லை. ஒருநாள் விடிய அக்கா எழும்பிப் பார்த்தால், தையல் மெசின் துண்டு துண்டாகப் பாயில் கிடக்கிறது. ஸ்குரூ ஆணிகளை அளவு பார்த்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். திருப்பிப் பூட்டத் தெரியவில்லை. அந்த மெசினில்தான் அவர்கள் வீட்டுச் சோறு. ஆணிகளை மைலோ டின்னில் போட்டு வைத்துவிட்டு, நாலு நாள் கெஞ்சி, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவனும் போனான், அதுதான் பெரிய விஷயம். "இதுக்குரிய டொக்டர் வியாழன்தான் வருவார். இந்த வியாழன் லீவு, அடுத்த வியாழன் வாங்க" என்றார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு, இரவுச் சோதனையில் சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டான். பொலிசுக்குக் கிழமை பார்க்கும் பழக்கமில்லை.

இப்போது அவன் மறியலில், விளக்கமறியல் சிறையில். அக்கா அங்கே சோற்றுப் பார்சல் கொண்டுபோகிறாள். தவணைக்குத் தவணை சட்டத்தரணிக்குக் காசு. தோடு அடகில்.

தண்டனையிலா குறை? 2 கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் என்று 1984இல் திருத்தினார்கள். 2022இல் 5 கிராம் ஐசையும் சேர்த்தார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்று பொலிசின் போதை வேட்டை வந்தது. சரி, எங்கள் சந்தியில் என்ன குறைந்தது? வியாபாரியைப் பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஐசுக்கென்று மாற்று மருந்து கிடையாது. கிழமைக்குக் கிழமை ஆளைக் கூப்பிட்டுப் பேசி, வீட்டாரையும் சேர்த்து இழுத்துப் பிடிப்பதுதான் வைத்தியம். மறியலில் அதை யார் செய்வது? சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென 2007இலேயே 54ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி எங்கள் பக்கம் எத்தனை கட்டில் போட்டிருக்கிறீர்கள்?

ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் வந்தால் மட்டும் பனர், தொப்பி, வெயிலில் பள்ளிப் பிள்ளைகள், மேடையில் உங்களுக்குக் குளிர்பானம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான்: கிழமை முழுக்கத் திறந்திருக்கும் ஒரு சிகிச்சைப் பிரிவு, பத்துக் கட்டிலாவது. தானாக வருகிற பிள்ளையை அன்றைக்கே ஏற்கும் இடம். பாவிப்பவனுக்கு மறியலுக்கு முன்னால் மருத்துவம். தயவுசெய்து இதை அடுத்த கூட்டத்தில் எடுங்கள். நாளைச் சொன்னால் அக்காவையும் கூட்டிவருகிறேன். வியாழனாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
வந்தாறுமூலை