கண்ணாடி விளக்கை விளக்காதீங்க

கொங்கு நாட்டுக் கோவில் திருப்பணிக் குழுவினருக்கும், பஜனை மடங்களையும் தொட்டிக்கட்டு வீடுகளையும் இன்னும் கட்டிக் காத்துவரும் பெரியவர்களுக்கும் வணக்கமுங்க.

நோம்பி (கோவில் திருவிழா) சாட்டிவிட்டால் ஊரில் முதல் வேலை சுத்தம் செய்வதுதான். மண்டபத்துக்கு வெள்ளையடிப்பு, குத்துவிளக்குக்குப் புளி, மணிக்குச் சாம்பல். அதே கையோடு உத்தரத்தில் தொங்கும் குளோப்பு விளக்கு, சரவிளக்கு, ரசகுண்டு (ரசம் பூசிய கண்ணாடி உருண்டை), ஆசாரத்து (வீட்டுக் கூடத்து) நிலைக்கண்ணாடி எல்லாம் கீழே இறங்கித் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துவிடுகின்றன. மேலே தொங்கிய காலமெல்லாம் உடையாதது அந்த ஒரு மத்தியானத்தில் உடைகிறது. உடையாமல் தப்பியதும் மங்கிப்போகிறது. பித்தளை தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும். பழைய கண்ணாடிக்கு அது ஆகாது. இந்த வருசத்திலிருந்து கண்ணாடிக்கு மட்டும் தனி ஆள், தனி இடம், தனித் தண்ணீர் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். நம் பக்கம் பழைய கண்ணாடி எதுவானாலும் ‘பெல்ஜியம்’தான். பெல்ஜியத்தில் 1826-இல் தொடங்கிய வால் சான் லம்பேர் போன்ற பெரிய பட்டறைகள் இருந்தது உண்மை. ஆனால் இந்தியாவுக்குச் சரவிளக்கு அனுப்பியதில் பெயர்பெற்றவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஆஸ்லர் நிறுவனத்தார்; 1840-களிலேயே கல்கத்தாவில் கடை வைத்துவிட்டார்கள். வண்ணக் கண்ணாடிக்குப் பொஹீமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி). உள்நாட்டுச் சரக்கும் உண்டு: மகாராஷ்டிரத்தின் தளேகாவில் ஆளுக்கொரு பைசா வசூலித்த நிதியில் 1908-இல் ஒரு கண்ணாடி ஆலை எழுந்தது. எனவே பெயரை விடுங்கள், பொருளைப் பாருங்கள். அச்சில் வார்த்ததா, வாயால் ஊதியதா? அச்சு என்றால் பக்கவாட்டில் மெல்லிய தழும்புக்கோடு ஓடும். பழைய கோலி சோடா பாட்டில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், அந்தக் கோடு பழகிவிடும். அச்சில்லாமல் ஊதிய கிண்ணத்தின் அடியில் இரும்புத் தடி ஒட்டியிருந்த இடம் சொரசொரவென்று இருக்கும், அல்லது அதைத் தேய்த்து எடுத்த வட்டக் குழி தெரியும்.

நொய்யல் கரையில் உள்ள பழங்கால ஊரான கொடுமணலில் அகழாய்வில் மணிகள் கிடைத்தன என்பதற்காக, மண்டபத்து விளக்கையும் ‘ஆயிரம் வருசத்துக் கண்ணாடி’ என்று கல்லில் வெட்டிவிடாதீர்கள். கொடுமணலின் பெருமை கல்லை அறுத்துத் துளையிட்ட பெருமை. விளக்கு வேறு கதை. பிடிகம்பு அழுத்தி அச்சில் வார்க்கும் முறையே 1820-களில்தான் பரவியது.

சாதாரணக் கண்ணாடியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மணல், பதினைந்து பங்கையொட்டிச் சோடா, பத்துப் பங்கையொட்டிச் சுண்ணாம்பு. சோடா மணலைச் சீக்கிரம் உருக வைக்கும். சுண்ணாம்பு அந்தச் சோடா தண்ணீரில் கரைந்து வெளியேறாமல் பிடித்து வைக்கும். பட்டறைக்காரர் சோடாவைக் கூட்டிச் சுண்ணாம்பைக் குறைத்திருந்தால் கண்ணாடி பிறவியிலேயே நோயாளி. ஈயம் சேர்த்த வெட்டுக் கண்ணாடி கனமாக இருக்கும், விளிம்பை நகத்தால் சுண்டினால் ஓசை நீண்டு ஒலிக்கும். (விளக்கில் தொங்கும் குண்டலங்களைச் சுண்டிப் பார்க்க வேண்டாம்.) ஈயக் கண்ணாடி மென்மையானது, பாத்திரம் விளக்கும் பொடி பட்டால் கீறல் நிச்சயம்.

இனித் தண்ணீர். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டு மாவட்டங்களின் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு நிறைந்தது. கழுவிக் காய வைத்தால் சுண்ணாம்பும் மக்னீசியமும் வெள்ளைத் திட்டாகப் படியும். அதை எடுக்கத்தான் அடுத்த தப்பு நடக்கிறது: கழிவறை ஆசிட். அது பித்தளைப் பூணை அரிக்கும், சங்கிலியைத் தின்னும், ஈயக் கண்ணாடியின் மேற்பரப்பையும் கெடுக்கும். சில துருநீக்கிகளில் ஃப்ளோரைடு உண்டு. அது கண்ணாடியையே கரைக்கும், போன பளபளப்பு திரும்பாது.

சிறுவாணித் தண்ணீர் வருகிற ஊரென்றால் அதுவே போதும். மற்ற ஊர்களில் மழைநீரோ சுத்திகரித்த கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் வண்டி பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர்.

சிமெண்டுத் தொட்டி வேண்டாம், பிளாஸ்டிக் டப்பு வையுங்கள். அடியில் நாலாக மடித்த துண்டு. அஞ்சு லிட்டர் தண்ணீருக்கு அஞ்சாறு சொட்டு திரவ சோப்பு. தண்ணீர் கைக்கு இதமாக இருந்தால் போதும். கண்ணாடியின் சூடும் தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்கட்டும். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருந்தால், நனைக்கும் முன்பே உலர்ந்த மென்மையான பிரஷால் தூசியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தூசியே உப்புத்தாள் வேலை பார்க்கும். பிரஷின் தகரப் பட்டையில் துணி நாடா சுற்றிக்கொள்ளுங்கள். டப்புக்குள் ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். துடைக்கப் பழைய பருத்தி வேட்டியை விட நல்லது கிடையாது. நூல் உதிராது, கீறாது.

நனைக்கவே கூடாதவையும் உண்டு. பித்தளைப் பூண் பொருத்திய விளக்குகளில் பூணுக்கும் கண்ணாடிக்கும் இடையே பெரும்பாலும் பிளாஸ்டர் சாந்துதான் பிடித்து நிற்கிறது. ஊற வைத்தால் சாந்து கரைந்து பூண் ஆடும். தொங்கவிட்ட மூணாம் நாள் குளோப்பு தானாக விழுந்தது என்பார்கள், தானாக இல்லை. அதே மாதிரி, பொன்வரி இட்ட கிண்ணத்தின் வரியும், சுடாமல் மேலே வரைந்த பூவேலையும் தேய்த்தால் போய்விடும். ஈரத்துணியின் முனையைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் தண்ணீர் கிட்டவே போகக் கூடாது.

ஏற்கெனவே வெள்ளைத் திட்டு விழுந்திருந்தால் ஒரு சோதனை: அந்த இடத்தைச் சற்று நனையுங்கள். மேலே மேடாக இருந்து நகத்துக்குத் தட்டுப்பட்டால் உப்புப் படிவு. பொன், வண்ணம், ஈயம் எதுவும் இல்லாத கண்ணாடியாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலத் தூள்) கரைத்துப் பஞ்சில் தொட்டுப் பத்து நிமிடம் வைத்து அலசலாம். நனைத்தவுடன் மாயமாக மறைந்து, காய்ந்ததும் அதே மங்கல் திரும்பி வந்தால் அது அழுக்கு இல்லை. கண்ணாடியின் தோலே அரித்துவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்ப்பதால் இன்னும் கெடும். தொட்டால் வழவழவென்று வியர்த்தாற்போல் இருக்கும் கண்ணாடி முன்னே சொன்ன பிறவி நோயாளி: உள்ளிருக்கும் சோடா காற்றின் ஈரத்தை இழுத்து வெளியே கசிகிறது. அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அட்டாலியில் (பரணில்) போடுவது கொல்வதற்குச் சமம். காற்றோட்டமான, ஈரம் ஏறி இறங்காத இடத்தில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரைக் கேளுங்கள்.

வெப்பம் இன்னொரு பகை. எண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் செய்த குளோப்புக்குள் 100 வாட் குண்டு பல்பு மாட்டிய இடங்கள் நிறைய. கண்ணாடி நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உள்பக்கம் சூடேறி விரியும்போது குளிர்ந்த வெளிப்பக்கம் இழுபடும். அங்கே ஒரு கீறல் இருந்தால் விரிசல் அதிலிருந்துதான் கிளம்பும். தடித்த பழங்கண்ணாடிக்கு உள்ளுக்கும் வெளிக்கும் 40 டிகிரி வேறுபாடே ஆபத்து. 3 அல்லது 5 வாட் எல்.ஈ.டி போடுங்கள், 2700 கெல்வின் என்று அட்டையில் எழுதியிருப்பது பழைய மஞ்சள் வெளிச்சம் தரும்.

சில துண்டுகள் யாரும் தொடாமலே வெடிக்கும். செய்தபோதே சரியாக ஆறவிடாததுதான் காரணம். ஊதிய கண்ணாடியைச் சுமார் 550 டிகிரி உள்ள ஆற்றுச்சூளையில் வைத்து, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடும். இதைக் கண்ணால் பார்க்கலாம். மடிக்கணினியில் வெள்ளைத் திரையை வைத்து, போலராய்டு குளிர்கண்ணாடியைத் திரை கறுத்துப்போகும்வரை திருப்புங்கள். இடையில் பொருளைப் பிடித்தால், இறுக்கம் உள்ள இடம் வெளிச்சக் கீற்றாகவோ வானவில் நிறமாகவோ தெரியும். அப்படித் தெரிவதைத் தொங்கவிடாமல் அலமாரியில் வைப்பதே நல்லது.

அடுத்து ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலையைச் சுற்ற வைக்கும் காற்று. திறந்த மண்டபத்துக் குளோப்பு அதில் ஊஞ்சலாடி, பக்கத்துக் குளோப்பில் மோதும். வைகாசி கழிந்ததும் இறக்கி வைத்துவிட்டுப் புரட்டாசியில் ஏற்றுங்கள். இறக்கும் முன் படம் எடுங்கள், சரவிளக்கின் ஒவ்வொரு கைக்கும் எண் கட்டுங்கள். பல சரவிளக்குகளில் கைக்கும் அது உட்காரும் குழிக்கும் ஒரே கீறல் அடையாளம் இருக்கும். மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது. துடைக்கிறவர் ஏணியில் நின்றபடி விளக்கைத் தன் பக்கம் சுழற்றக் கூடாது: மேலே திருகு மறை கழன்று வரும். ஏணியைத்தான் நகர்த்த வேண்டும். குண்டலம் கோத்த இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் துளையைப் பிளந்துவிடும். அதை எடுத்துவிட்டு மெல்லிய பித்தளைக் கம்பி போடுங்கள்.

ரசகுண்டும் பழைய நிலைக்கண்ணாடியும் இந்த எல்லாவற்றிலும் தனி. ‘ரசம் போன கண்ணாடி’ என்று நாம் சொல்வது வெறும் பேச்சு இல்லை. ரசம் என்றால் பாதரசம். வெள்ளீயத் தகட்டைப் பரப்பி, பாதரசம் ஊற்றி, மேலே கண்ணாடியை நகர்த்திப் படியவைத்து, பாரம் ஏற்றி, சாய்த்து வடியவிட்டுச் செய்தது பழைய முறை. லீபிக் 1835-இல் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டபிறகு, அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் பாதரசம் ஒதுங்கியது. பாதரசக் கண்ணாடியில் பிம்பம் சற்று நீலம் பாய்ந்த சாம்பலாகத் தெரியும். முதுகில் வண்ணப்பூச்சு இருக்காது, மினுமினுப்பான மணிமணியான பரப்பாக இருக்கும். வெள்ளி பூசியதன் முதுகில் பெரும்பாலும் பழுப்போ செந்நிறமோ பூசியிருப்பார்கள்.

பாதரசக் கண்ணாடி என்று சந்தேகம் வந்தாலே முதுகைத் தொடாதீர்கள், நனைக்காதீர்கள், தலைகீழாகவோ படுக்கவோ வைக்காதீர்கள். எந்தப் பக்கம் கீழாக மாட்டியிருந்ததோ அப்படியே நிறுத்தி எடுத்துச் செல்ல வேண்டும், ரசம் கீழ் விளிம்பில் துளியாகத் தேங்கியிருக்கும். சிந்தினால் விளக்குமாறு போடக் கூடாது, சிதறிப் பரவும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, இரண்டு கெட்டி அட்டையால் துளிகளைச் சேர்த்து மூடி போட்ட புட்டியில் அடையுங்கள். ‘புதுசா ரசம் பூசித் தர்றோம்’ என்று வருகிறவர் முதலில் செய்வது பழையதை ஆசிட் ஊற்றிச் சுரண்டுவது. அந்த நச்சை மூச்சில் இழுப்பது அவரும் பக்கத்தில் நிற்பவர்களும்தான். மங்கிய பிம்பத்தோடேயே அது மதிப்புள்ளது.

உடைந்தால் உடனொட்டிப் பசையை எடுக்காதீர்கள். கண்ணாடியில் அது ஈரம் பட்டு விட்டுவிடும், பிறகு விளிம்பைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. தூள் வரை பொறுக்கி, ஒவ்வொரு சில்லையும் தனித்தனித் துணியில் சுற்றி, ஒரே பெட்டியில் வையுங்கள். இரண்டு முனை உரசினால் பொருத்தம் போய்விடும். வேலை தெரிந்தவர்கள் பாராலாய்டு பி-72 போல, பிற்பாடு அசிட்டோனில் கரைத்து எடுக்கக்கூடிய பிசினைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பாரம் தாங்க வேண்டிய இடத்துக்கு அது போதுமா என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். அட்டாலியில் வைக்கும்போது செய்தித்தாளும் வைக்கோலும் வேண்டாம், இரண்டும் ஈரம் பிடிக்கும். துவைத்துக் காய்ந்த கஞ்சி போடாத வேட்டி போதும்.

கடைசியாகக் கணக்கு. நகைக்கும் பாத்திரத்துக்கும் கோவிலில் பதிவேடு இருக்கிறது, கண்ணாடிக்குப் பல இடத்தில் இல்லை. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: முன், பின், அடிப்பகுதிப் படங்கள், சென்டிமீட்டரில் உயரமும் வாய் அகலமும், கிராமில் எடை, எங்கே விரிசல், எத்தனை குண்டலம் குறைவு. 1972-ஆம் வருசத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருசம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது; அவற்றை விற்று வாங்க வியாபாரிக்கு உரிமம் வேண்டும். ‘புது எல்.ஈ.டி சரவிளக்கு தர்றேன், பழசைக் கொடுங்க’ என்று வருகிறவரிடம் முதலில் அந்த உரிமத்தைக் கேளுங்கள். அவர் பதில் சொல்வதற்குள் பதிவேட்டில் அந்த விளக்கின் பக்கத்தை எழுதி முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
பழங்கண்ணாடிப் பராமரிப்பு வேலை தெரிந்த சிலர்