குமரனுக்கு, 'த' பற்றி

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள குமரா,

உன் பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லியிருந்தாய். முன்பெல்லாம் பக்கத்துக்குப் பத்துத் தப்பு இருக்கும். இப்போது நாலே இடம், எல்லாம் ஆங்கில 'த' (the). எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

'த லைஃப் இஸ் எக்ஸ்பென்சிவ்' என்று எழுதாதே. நாம் நம் ஊர்ப் பேச்சான கிரியோலில் 'லாவி சேர்' என்கிறோம். அந்த 'லா' பிரெஞ்சிலிருந்து சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் வாழ்க்கை, சர்க்கரை என்று பொதுவாகச் சொன்னால் 'த' கிடையாது. இன்ன சர்க்கரை என்றால்தான் 'த ஷுகர் யூ பாட்'. பணம் போதவில்லையா? அப்பாவிடம் சொல்லத் தயங்கினால் எனக்கு எழுது.

'ஐ பாட் த மெடிசின்.' இதைத் தமிழில் சொல்லிப் பார். 'மருந்து வாங்கினேன்' என்றால் 'த' வேண்டாம். 'மருந்தை வாங்கினேன்' என்றால் வேண்டும். 'ஐ' உருபு வந்தால் இன்ன மருந்து என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். உன் கடிதத்தில் அதற்கு முன் மருந்துப் பேச்சே இல்லை. படிக்கிறவர் 'எந்த மருந்து?' என்பார். நானும் கேட்கிறேன்.

ஆட்களுக்கு இந்தச் சோதனை உதவாது. 'டாக்டரைப் பார்த்தேன்' என்று 'ஐ' எப்படியும் வந்துவிடும். முதலில் 'எ டாக்டர்', மறுபடி அவரையே சொன்னால் 'த டாக்டர்'. 'கோ டு த டாக்டர்' என்ற வழக்கு வேறு. நீயோ எடுத்த எடுப்பில் 'த டாக்டர் டோல்ட் மீ டு ரெஸ்ட்' என்கிறாய், பலநாள் பழகியவரைச் சொல்வதுபோல. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

'த தேம்ஸ்', 'த செஷல்ஸ்' சரி. மொரீஷியஸுக்கு வேண்டாம். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

நாலாவது, 'ஐ வாஸ் இன் ஹாஸ்பிட்டல் ஃபார் டூ டேஸ்'. நீ இருக்கும் இங்கிலாந்தில் 'த' இல்லாவிட்டால் நோயாளியாகப் படுத்திருந்தாய் என்று அர்த்தம். யாரையோ பார்க்கப் போயிருந்தால் 'இன் த ஹாஸ்பிட்டல்'. படிக்கப் போனால் 'டு ஸ்கூல்', பிள்ளையை அழைத்துவரப் போனால் 'டு த ஸ்கூல்', அதேபோல. படுத்திருந்தாலும் பார்க்கப் போனாலும் நமக்குக் கிரியோலில் 'லொப்பிதால்' ஒன்றுதான். அதனால் 'த' விட்டுப்போயிருக்கலாம். விட்டுப்போனதென்றால் போட்டுவிடு. இல்லையென்றால் நீ எழுதியதே சரி. எது என்று மட்டும் எனக்குச் சொல். மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை.

சின்ன வயதிலிருந்து நீ எழுதிக் கொடுத்ததில் தப்பைத்தான் தேடினேன், என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்த்ததில்லை. இதையும் சிவப்புப் பேனாவோடு இரண்டு தரம் படித்த பிறகுதான் அந்த வரி உறைத்தது. ஒருவாய்ச் சோறு இறங்கவில்லை.

மற்ற மூன்றையும் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். அந்த வரியில் கை வைக்கவில்லை.

அம்மா