தனுஷ்கோடியில் ஆட்கள் இருக்கிறார்கள்: வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூடியூப் நண்பர்களுக்கு வணக்கம்.

தனுஷ்கோடியைப் பற்றி நீங்கள் போடும் வீடியோக்களை ராமேசுவரத்தில் இருந்துகொண்டு பார்க்கிறேன். இடிந்த தேவாலயம், திகில் இசை, ‘மனிதர்களே இல்லாத பேய் நகரம்’ என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. நீங்கள் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓலைக் குடிசையில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். கேமரா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலைச் சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. துறைமுகம் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் மீனவர்கள் திரும்பி வந்தார்களே, அது ஏன் உங்கள் கதையில் வருவதில்லை? கம்பிப்பாடு, பாலம் என்று குடியிருப்புகள் இருக்கின்றன. கரைவலை இழுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது; அதற்குமேல் படிக்க ராமேசுவரம் வர வேண்டும்.

அதிசயம்தான் வேண்டுமென்றால் ஊற்றைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர். பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆழமாகத் தோண்டினாலோ அவசரப்பட்டு இறைத்தாலோ அடியிலுள்ள உப்பு ஏறிவிடும். அதனால்தான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊற ஊறக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். இந்தத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே ‘கடவுளின் கிணறு’ என்று பேசுவதையும் பார்த்தாயிற்று.

அப்புறம் எல்லை. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டருக்கு உள்ளேதான். உங்களுக்கு அது மர்மம். இவர்களுக்குத் தினம் தொழில் பார்க்கும் கடல். 2022-இல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் கைக்குழந்தையோடு படகேறியவர்களை இங்கேயுள்ள மணல் திட்டில்தான் இறக்கிவிட்டுப் போனார்கள். கடலோரக் காவல்படை போய் மீட்டது.

தலைப்புக்காக இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017-இல் நெடுஞ்சாலை திறந்தார்கள். ரயில் பாதைக்கு 2019-இல் அடிக்கல் வைத்தார்கள். 2025-இல் பூநாரைச் சரணாலயம் அறிவித்தார்கள். எனக்கு அதில் சந்தோஷமே. ஆனால் இனி எந்தத் திட்டம் வந்தாலும், ஆளே இல்லாத ஊர் என்று நாடு முழுக்க நம்பிக்கொண்டிருந்தால், அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பட்டா, மின்சாரம் என்று அவர்கள் வாய் திறந்தால், ‘அங்கே யார் இருக்கிறார்கள்?’ என்றுதான் முதல் கேள்வி வரும். அந்தக் கேள்வியை லட்சக்கணக்கானவர்கள் மனதில் போட்டது நீங்கள்தான்.

சரி, வாங்க. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குடிசைக்கு மேலே ட்ரோன் பறக்கவிடாதீர்கள். தேவாலயச் சுவரிலிருந்து பவளக்கல்லைப் பெயர்த்து எடுத்துப் போகாதீர்கள். அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். கடையில் மீன் வறுத்துத் தருகிறார்கள், காசு கொடுத்துச் சாப்பிடுங்கள்.

ஏற்கெனவே போட்ட வீடியோவின் தலைப்பை மாற்ற இரண்டு நிமிடம் ஆகுமா? இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ராமேசுவரம் தீவுக்காரன் ஒருவன்