நீ காரில் கேட்டதற்குப் பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. 12-ஆம் தேதி மேட்டூர் திறந்துவிட்டார்கள். நீடாமங்கலத்தில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு வரை தண்ணீர் வந்துவிட்டதாம். நம் வாய்க்காலுக்கு வர இன்னும் சில நாள் ஆகும். நாற்றங்கால் வேலை தொடங்குவதற்குள் மனதில் கிடப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, விடும்மா" என்று முடித்துவிடுவாய்.

பிப்ரவரியில் உன் வீட்டில் இருந்த ஒரு மாதமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. 26 வருடம் கழித்து ரியாத்துக்கு வருகிறோம் என்று எத்தனை ஆசையோடு விமானம் ஏறினேன் தெரியுமா? வந்து இறங்கியதும் உன் காரின் பின்கதவைத்தான் திறந்தேன். "நான் என்ன உன் டிரைவராம்மா? முன்னாடி வா" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் நர்ஸாக இருந்த 12 வருடமும் நான் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

அப்புறம் பழைய கடைத்தெருவான பத்தாவுக்குப் போனோமே, அந்தச் சாயங்காலம். துணிக்கடையில் நீ துணி பார்த்துக்கொண்டிருந்தாய். மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கடைக்காரர் பாட்டுக்குத் துணியை அளந்துகொண்டிருக்கிறார். "இப்பல்லாம் மூடணும்னு கட்டாயம் இல்லம்மா, 2021-லயே மாத்திட்டாங்க" என்றாய். எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு கடைகளில் ஷட்டர் இறங்கியது. நாம் நின்ற கடை மூடவில்லை. எனக்கு ஏனோ நெஞ்சை அடைத்தது. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்: "அந்தக் காலமே நல்லா இருந்துச்சு."

நீ சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாய்: "அந்தக் காலத்துல நான் இந்தக் காரை ஓட்டியிருக்க முடியுமாம்மா?" வீடு வரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாள் முதல் நான் மறுபடி பின்சீட்டுக்குப் போய்விட்டேன். அது உனக்கு எப்படி வலித்திருக்கும் என்று இங்கே வந்த பிறகுதான் யோசிக்கிறேன்.

நான் எதை நினைத்து அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அப்போது வியாழனும் வெள்ளியும்தான் வார விடுமுறை. 2013-இல்தான் வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி பஸ் எங்களைப் பத்தாவில் இறக்கிவிடும், ஒன்பது மணிக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். நடுவில் மக்ரிப், இஷா என்று இரண்டு தொழுகை. பாங்கு கேட்டால் தெரு முழுக்க ஷட்டர் இறங்கும், கடைக்குள் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். வாங்கவும் முடியாது, தனியாக எங்கேயும் போகவும் முடியாது. மூடிய கடைப் படியில் ஆறு பேர் உட்கார்ந்துவிடுவோம். கோட்டயத்துச் சேச்சிகள் இரண்டு பேர், மதுரைக்கார அக்கா, பிலிப்பைன்ஸ் பெண்கள் இரண்டு பேர், நான். பொட்டலத்தில் சூரியகாந்தி விதை. அரை மணி நேரத்துக்கு ஒருவருக்கும் அவசரம் கிடையாது. எந்த மாப்பிள்ளையைக் கட்டலாம், எந்தக் கடனை முதலில் அடைக்கலாம் என்றெல்லாம் அந்தப் படியில்தான் முடிவெடுத்தோம். உன் அப்பாவின் போட்டோவைப் பார்த்து "இந்த ஆளு கோபக்காரர் இல்ல, கண்ணைப் பாரு" என்று மதுரைக்கார அக்கா சொன்னதும் அங்கேதான்.

எட்டு மாதக் குழந்தையாக உன்னை அம்மாச்சியிடம் விட்டுவிட்டு வந்தவள் நான். உனக்கு இரண்டு வயது முடிந்தபோது அப்பா ஒரு கேசட் அனுப்பினார், உன் குரலைப் பதிவு செய்து. அறைக்குப் போகும் வரை பொறுக்க முடியவில்லை. வாக்மேனை அபாயா என்ற கறுப்பு அங்கிக்குள் வைத்துக்கொண்டு, இருந்த ஒரு ஹெட்போனை மாற்றி மாற்றிக் கேட்டோம். "அம்மா, நீ எந்த ஆத்துக்கு அந்தாண்ட இருக்க?" என்று கேட்டிருந்தாய். ஆறு தாண்டினால்தான் வேறு ஊர் என்பது நம் ஊர்க் குழந்தைகளின் கணக்கு. பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று எண்ணிக்கொண்டே போனால் அம்மா வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய் போல. ஒரு வார்த்தை புரியாத அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஷட்டர் தூக்கியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நான் தேடி வந்தது அந்தப் படியை, பாப்பா. பத்தாவில் நின்றுகொண்டு அதைத்தான் தேடினேன்.

மற்றதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எங்கள் பாஸ்போர்ட்டை ஆஸ்பத்திரி ஆபீஸ் அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்கு வர முடியும். உனக்கு மூன்று வயதில் அம்மை போட்டபோது விடுப்புக் கேட்டு நின்றேன், தரவில்லை. முடி ஒரு கற்றை வெளியே தெரிந்ததற்காக நடுத்தெருவில் ஒரு முத்தவா, அதாவது மதக் காவலர், கத்தியதில் பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது நிடோ டின், கோடாலித் தைலம், உனக்குக் கவுன் என்று பெட்டி நிறையக் கொண்டுவருவேன். இதையெல்லாம் அந்தப் பெட்டியில் வைத்ததில்லை. அந்தச் சம்பளத்தில்தான் ஒன்பது மா நிலம் வாங்கினோம், கூரை வீட்டை மாடி வீடாக்கினோம். வாங்கிக் கொடுத்த ஊரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன். 1990 நவம்பரில், வளைகுடாப் போருக்குக் கொஞ்சம் முன்னால், அதே ரியாத்தில் 47 பெண்கள் காரோட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அவர்களின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள், பலரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வார்டில் அரபு டாக்டரம்மாக்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். நாங்கள் படியில் உட்கார்ந்து என்ன பேசினோம் தெரியுமா? "வசதியான வீட்டுப் பெண்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" அதைச் சொன்னவள் நான்தான். அதற்கப்புறம் 28 வருடம் ஆனது, 2018 ஜூனில்தான் பெண்கள் காரோட்டலாம் என்று ஆனது. அவர்கள் பட்ட பாட்டின் பலனில் என் பெண்ணுக்கும் பங்கு வந்திருக்கிறது. அந்தக் காரில் உட்கார்ந்துகொண்டு நான் அந்தக் காலத்தைப் புகழ்ந்தேன்.

பினாங்கிலிருந்து வரும் பெரியப்பா வரப்பில் நின்றுகொண்டு, "ஆள் வச்சு அறுத்த அழகே போச்சு, மெஷினை விட்டுட்டீங்களே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குனிந்து அறுத்த முதுகு அவருடையதா? நானும் உன்னிடம் அதையேதான் செய்திருக்கிறேன்.

ஆனாலும் எல்லாம் மாறியது நல்லதுக்கே என்று நீ சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. பாலைவனத்து ஊர்களிலிருந்து வரும் பாட்டிகள் வார்டுத் தரையில் விரிப்பைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் மணக்கும் கஹ்வா காப்பியை ஊற்றி, பேரீச்சம்பழத்தோடு நீட்டி, "யா பின்தி" என்று கூப்பிடுவார்கள். என் மகளே என்று அர்த்தம். நீ கூட்டிப்போன பூலவார்ட் என்ற கேளிக்கை இடத்தில் விளக்கையும் சத்தத்தையும் பார்த்தேன், அந்தப் பாட்டிகளைப் பார்க்கவில்லை. அங்கே நான் பார்த்தது வேறு ஏதோ ஊர். ஆனால் உன் பல் டாக்டர் கிளினிக்கில் இருந்த சவுதிப் பெண்ணை மறக்க முடியவில்லை. எங்கள் வார்டில் ஒரு சவுதி நர்ஸ்கூட இருந்ததில்லை. முகம் மூடாமல், டாக்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, எனக்கு வலிக்கிறதா என்று கேட்டாளே, அந்தக் குரல் அந்தப் பாட்டிகளின் குரல்தான்.

டிசம்பரில் வரச் சொல்கிறாய். வருகிறேன். சம்பாவுக்கு மேலுரம் போட்டுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும், தை அறுப்புக்குத் திரும்பியாக வேண்டும். பின்சீட்டில் மளிகையை வை. மாப்பிள்ளையிடம் மாவடு கொண்டுவருவதாகச் சொல். மக்ரிப் நேரத்தில் பத்தாவில் ஏதாவது ஒரு படியில் கால் மணி நேரம் என்னோடு உட்கார வேண்டும், கடை திறந்திருந்தாலும் சரி. அந்தக் கேசட் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மன்னார்குடியில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பவரிடம் போனில் ஏற்றித் தரக் கேட்டிருக்கிறேன். நாடா ஒட்டிப்போகாமல் இருந்தால் முடியும் என்றார்.

அன்புடன்,
அம்மா