முதல் சிவப்பு வரி

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைத் தானே எடுத்துவைத்துப் படிக்கிறாள். உன் மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த செய்தி கேட்டு வீட்டில் ஒரே சந்தோஷம்.

நீ செய்யும் குட்டி மோட்டார் வண்டிக்காக, கிட்ஹப் தளத்தில் ஒருவர் இலவசமாகப் போட்ட நிரலை ஏற்றப் பார்த்தபோது வந்த பிழைத் திரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பாக வந்ததும் வண்டியை இயக்கும் இஎஸ்பி32 போர்டே கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்திருக்கிறாய். கம்பைல் பிழைக்கும், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது வரும் பிழைக்கும், போர்டுக்கும் சம்பந்தமே இல்லை. நிரல் இன்னும் உன் கம்ப்யூட்டரைத் தாண்டவில்லை. நீ கடைசி வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறாய்; மேலே போய் முதல் சிவப்பு வரியைப் பார். எம்பியு6050 என்ற அசைவு சென்சாரின் கிளாஸில் கெட்மோஷன்6 என்று ஒரு ஃபங்ஷன் இல்லை என்கிறது. சென்சாரைப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எப்படி மாறியது என்று சொல்கிறேன். கிட்ஹப்பில் ஜிப்பாக இறக்கினால், சப்மாட்யூலாக, அதாவது வேறொரு இடத்திலிருந்து இணைப்பாக மட்டும் சேர்த்த லைப்ரரிகள் கூட வராது. ஃபோல்டர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நீ வேறெங்கோ தேடி அதே பெயரில் ஒன்றைப் போட்டிருக்கிறாய். எம்பியு6050.எச் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட லைப்ரரிகள் புழக்கத்தில் உண்டு, உள்ளே இருக்கும் ஃபங்ஷன்கள் வேறு வேறு. போட்டதை எடுத்துவிட்டு, கிட் குளோன் கட்டளையோடு ரிகர்சிவ் என்பதையும் சேர்த்து மறுபடி இறக்கு.

அது சரியானதும் அடுத்த பிழை வரும். போன மாதம் எனக்கும் இதே நிரலில் வந்தது. ஆர்டுயினோவில் போடும் இஎஸ்பி32 போர்டு பேக்கேஜ் 2024-இல் 3.0 ஆனபோது, மோட்டார் வேகத்துக்கான பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுப்பது) கட்டளைகள் மாறிவிட்டன. முன்பு எல்இடிசிசெட்டப்பில் சானலை (சிக்னலை உருவாக்கும் உள்பகுதி) அமைத்து, எல்இடிசிஅட்டாச்பின்னில் அதைப் போர்டின் ஒரு பின்னோடு (ஒயர் மாட்டும் கால்) கோப்போம். இப்போது அந்த இரண்டும் இல்லை. எல்இடிசிஅட்டாச் ஒன்றே போதும், பின், அதிர்வெண், பிட் மூன்றும் அதிலேயே. கம்பைலர் சரியாக அந்த வரிகளைக் காட்டியது, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன்.

அப்புறம்தான் வேதனை. கம்பைல் ஆனது, அப்லோடும் ஆனது, சக்கரம் அசையவில்லை. ஒயரைக் கழற்றி மாட்டினேன், பேட்டரியை மாற்றினேன், மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன், சுற்றியது. ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கண்ணில் பட்டது. வேகத்தைக் கொடுக்கும் எல்இடிசிரைட் கட்டளை மட்டும் பெயர் மாறாமல் இருக்கிறது. ஆனால் அதன் முதல் எண் முன்பு சானல், இப்போது பின். நிரலில் எல்இடிசிரைட்(0, 180) என்று இருந்தது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரோ 25-ஆம் பின்னில். புதிய பேக்கேஜ் அந்த 0-வைப் பின் 0 என்று எடுத்துக்கொண்டது. போர்டில் அது பூட் பொத்தானுக்கான பின். கம்பைலருக்கு இரண்டுமே வெறும் எண்தான், அது எதைக் குற்றம் சொல்லும்? 0-வை 25 ஆக்கினேன், சக்கரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குத் தூங்கிக்கொண்டிருந்த பையன் எழுந்து வந்துவிட்டான்.

அதனால் நீ உடனே நிரலில் கைவைக்காதே. ஆர்டுயினோவின் போர்டு மேனேஜரில் பேக்கேஜின் பழைய பதிப்பு 2.0.17-ஐத் தேர்ந்தெடுத்து, மூல நிரலை அப்படியே கம்பைல் செய். சக்கரம் சுற்றினால் உன் ஒயரிங் சரி. அதற்குப் பிறகு 3-க்குப் போ. என் திருத்தம் பழையது, புதியது இரண்டிலும் கம்பைல் ஆகும்படி பதிப்பைப் பார்த்துப் பிரித்து எழுதியது. அதை மூல நிரலை எழுதியவருக்கு அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு உழைத்து யாருக்கோ இலவசமாகக் கொடுத்த மனிதருக்கு நான்கு வரியாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் தடவை ஓட்டும்போது வண்டியை ஒரு செங்கல் மேல் வைத்து, சக்கரம் தரையில் படாமல் பார்த்துக்கொள். அடுத்த பிழை வந்தால் முதல் வரியை மட்டும் அனுப்பு, போதும். பொங்கலுக்கு வரும்போது வண்டியையும் எடுத்து வா.

உன்,
செல்வம்